அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பாருங்கள்

தன்னாமுனையிலும் ஏறாவூரிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் இருந்து எழுதுகிற தம்பி தங்கைமாரே, உங்கள் புத்தகம் அச்சகத்துக்குப் போகுமுன் இதைக் கேளுங்கள்.

நம் வெளியீட்டு விழாக்களில் மங்கல விளக்கு எரிகிறது; பொன்னாடை போர்த்தப்படுகிறது; சிறப்புப் பிரதிகள் கைமாறுகின்றன. நயவுரைக்கு வந்தவர் அட்டைப்படத்தையும் ஆசிரியரின் நற்குணத்தையும் புகழ்ந்துவிட்டு இறங்குகிறார். மூன்றாம் கதையின் முடிவு ஏன் நொண்டுகிறது என்று மேடையில் எவரும் சொல்வதில்லை. வாசலில் பிளேன்டீ குடிக்கும்போது சொல்கிறார்கள், எழுதியவரின் காதுக்கு எட்டாமல். இது மரியாதையல்ல, வஞ்சகம். இன்றே விடுங்கள்.

இந்த மண்ணின் கூத்து வழக்கம் வேறு. ஆட்டக்காரருக்கு அவரவர் பாடம் எழுதிய சட்டம் கொடுத்த நாள் தொட்டு மாதக்கணக்காய்ப் பழக்கம் நடக்கும். தாளம் பிசகினால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்ப ஆடவைப்பார். களரியைச் சுற்றி நிற்கும் ஊராரும் வாய்மூடி இருக்கமாட்டார்கள். சதங்கை கட்டி, அடுக்கு என்னும் இறுதி ஒத்திகை பார்த்து, குறை தீர்ந்த பிறகே அரங்கேற்றம். நாமோ அரங்கேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்து பெரும் பேர் வாங்கியது. அதை எழுதிய மௌனகுரு அந்தப் பேரோடு அமரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அதைப் புதுக்கி மீண்டும் ஆடவைத்தார். பேர்பெற்ற பிரதிக்கே திருத்தம் வேண்டியிருந்தது. நேற்று இரவு எழுதிய கவிதைக்கு வேண்டாமா?

குறை சொல்ல வருபவரே, முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள். வரியைத் தொட்டுக் காட்டுங்கள். எழுதியவரின் ஊர், சாதி, சமயம், அரசியல் எதையும் இழுக்காதீர்கள். நன்றாக வந்த பக்கத்தையும் காரணத்தோடு சொல்லுங்கள். காரணமில்லாத புகழும் காரணமில்லாத வசையும் எழுத்தாளருக்கு ஒன்றுதான், இரண்டினாலும் ஒரு வரிகூடத் திருந்தாது.

எழுதியவரே, உடனே மறுமொழி சொல்லப் புறப்படாதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே பந்தியில் தடக்கினால் பிழை அந்தப் பந்தியில் இருக்கிறது. எதை மாற்றுவது என்ற முடிவு உங்களுடையது. கேட்காமல் இருக்கும் உரிமை உங்களுக்கில்லை.

விழாவுக்கு நாள் குறிக்குமுன் கைப்பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் முகத்துக்காகப் பேசத் தெரியாதவராக இருக்கட்டும்.