உடன் செல்வதும் முந்திச் செல்வதும்

சென்ற கோடை விடுமுறையில் உறவினர் இல்லம் ஒன்றில் நான்கு நாள்கள் தங்கியிருந்தோம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வழுவாதிருக்கும் இல்லம் அது. முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கு இலை போட்டாயிற்று. அனைவரும் அமர்ந்தோம். கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் பெயரன் மட்டும் வரவில்லை. அறைக்குள் கணினியின் முன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்தான். பாட்டியார் இருமுறை சென்று அழைத்தார். "இதோ வரேன் பாட்டி" என்னும் விடை மட்டும் வந்தது. அவன் எழுந்து வரும்போது மணி ஏழு. வீட்டில் விளக்கேற்றி நெடுநேரமாகியிருந்தது. அவனுக்கென எடுத்து வைத்த சோற்றைப் பாட்டியார் ஒருமுறை பார்த்தார்; அவனும் பார்த்தான். "வேண்டாம் பாட்டி, பொழுது போயிடுச்சு" என்று சொல்லித் தண்ணீர்கூடக் கேளாமல் படுக்கச் சென்றுவிட்டான். அன்றிரவு அம்மூதாட்டியார் உறங்கவில்லை.

நியமம் தவறாத பிள்ளை என்று மகிழ்வதா? ஒரு விளையாட்டுக்காகப் பட்டினி கிடந்த பிள்ளை என்று வருந்துவதா? இரண்டும் ஒருங்கே நம் நெஞ்சில் எழுந்தன. மறுநாள் காலை அவனைத் தனியே அழைத்து, "அப்படி என்னப்பா விட முடியாத வேலை?" என்று வினவினோம். அவன் சற்றும் மறைக்காமல் சொன்னான்: "நடுவுல எழுந்து வந்தா மத்த பத்தொன்பது பேரும் தவிச்சுப் போவாங்க தாத்தா. ரெண்டு வாரம் போகலைன்னா என்னை விட்டுட்டு அவங்க முன்னாடி போயிடுவாங்க."

இவ்விரு வாக்கியங்களும் ஒரே மூச்சில் வந்தன, ஒன்றுபோலவும் ஒலித்தன. ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால் இவற்றினிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. முன்னது பிறர் படும் துன்பத்தைப் பற்றிய கவலை. பின்னது தான் பின்தங்கிவிடுவோம் என்னும் அச்சம். இவ்வேற்றுமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவன் ஆடுவது 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டு. 2004 நவம்பரில் அமெரிக்க நிறுவனமான பிளிஸார்டு வெளியிட்டது. பல நாடுகளில் இருப்போர் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகில் புகுந்து, குழுக்களாகச் சேர்ந்து, 'ரெய்டு' எனப்படும் பெரும் போர்களை நடத்துகின்றனர். அவற்றுள் மிகக் கடினமானது 'மிதிக்' எனப்படும் வகை. 2014 முதல் அது சரியாக 20 பேருக்கென அளந்து அமைக்கப்பட்டுள்ளது. அடி தாங்குவோர் சிலர், காயம் ஆற்றுவோர் சிலர், தாக்குவோர் பலர் எனக் கடமைகள் பிரிக்கப்பட்டுள்ளன. ஒருவர் எழுந்து சென்றால் அவர் சுமை மற்றவர் தோளில் விழும். நம் பிள்ளையின் குழுவினரில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் வாழ்பவர். அவர்களுக்கு இரவு எட்டரை மணி. நமக்கு மாலை நான்கு மணி. மூன்று மணி நேரப் போர் முடியுங்கால் இங்கே ஞாயிறு மறைந்துவிடுகிறது.

"வெறும் விளையாட்டுத்தானே, விட்டுவிடு" என்று பெரியோர் கூறுவது எளிது. ஆயின் அத்திரைக்குப் பின்னே இருப்போர் பொம்மைகள் அல்லர். வேலை முடித்துக் களைத்து வந்து, குழந்தைகளை உறங்க வைத்து, இந்த மூன்று மணி நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கும் மனிதர் அவர். அவரிடம் "வருகிறேன்" என்று சொன்ன சொல், சொல்லே. விளையாட்டில் சொன்னது என்பதனால் அதன் கனம் குறைந்துவிடாது. ஆதலின் பிள்ளையின் முதல் வாக்கியத்தை நாம் மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம். சொல் காப்பவனாக அவன் இருக்கின்றான்.

இனி, இரண்டாம் வாக்கியத்துக்கு வருவோம். "முன்னாடி போயிடுவாங்க" என்கிறானே, அந்த 'முன்' என்பது எங்கே உள்ளது?

இவ்விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் படிநிலை எண் ஒன்று உண்டு. தொடக்கத்தில் உச்சப்படி 60. அதனை எட்டிய பின்னர் 40 பேர் கொண்ட குழுக்களாகச் சேர்ந்து, மாதக்கணக்கில் முயன்று, அரிய படைக்கலங்களைச் சேர்த்தனர். 2007 ஜனவரியில் முதல் விரிவு வெளிவந்தது. உச்சப்படி 70 ஆயிற்று. புதிய நிலப்பரப்பில் காலடி வைத்த எவருக்கும், சிறு சிறு பணிகளுக்குக் கூலியாகவே, பழைய அரும்பொருள்களுக்கு நிகரானவை கிடைக்கத் தொடங்கின. மாதக்கணக்கில் உழைத்தவனும் நேற்று வந்தவனும் சில நாள்களில் ஒரே வரிசையில் நின்றனர். பெருங்குழுவின் அளவும் 40-லிருந்து 25 ஆகக் குறைந்தது. ஒன்றாய் நின்ற 40 பேரில் 15 பேருக்கு இடமில்லாது போயிற்று. உச்சியோ பின்னும் ஏறியது. 2008-இல் 80, 2018-இல் 120. அதன்பின் 2020 அக்டோபரில் நிறுவனமே எண்களைச் சுருக்கிற்று. 120-ஆம் படியில் நின்றவர் மறுநாள் 50-ஆம் படியில் இருந்தார். அடுத்த மாதம் வந்த விரிவில் உச்சப்படி எது தெரியுமோ? மீண்டும் 60. பதினாறு ஆண்டுகள் ஏறிய ஏணி புறப்பட்ட எண்ணிலேயே வந்து நின்றது.

இதனைக் கேட்டு நகைப்பார் இருக்கலாம். நமக்கு நகைப்பு வரவில்லை. ஏனெனில் அந்த ஏணியைப் பிடித்திருப்பவன் ஏறுபவன் அல்லன், வேறொருவன். உச்சி எங்கே என்பதை அவனே தீர்மானிக்கின்றான். ஏறுபவன் அடைந்துவிட்டால் அவனுக்கு வாணிபம் இல்லை. ஆகவே உச்சி நகர்ந்துகொண்டே இருக்கும். இவ்வாறுதான் இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. 2012-இல் வெளிவந்த 'கில்ட் வார்ஸ் 2' என்னும் விளையாட்டில் உச்சப்படி 80. அதன்பின் பல விரிவுகள் வந்தும் அவ்வெண் உயர்த்தப்படவில்லை. ஈராண்டு விலகியிருந்து திரும்பி வருபவனும் தன் படியிலேயே நிற்பதைக் காண்கின்றான்.

மற்றோர் எடுத்துக்காட்டு இன்னும் ஆழமானது. ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2003-இல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' என்னும் விளையாட்டில் திறன்கள் காலத்தால் வளர்கின்றன. ஆடினாலும் ஆடாவிடினும் கடிகாரம் ஓடும், திறன் ஏறும். ஆகவே 2003-இல் சேர்ந்தவனைப் பின்னர்ச் சேர்ந்தவன் வெறும் முயற்சியால் மொத்தக் கணக்கில் எட்டிப் பிடிக்க வழியில்லை. இது கொடுமையாகத் தோன்றும். ஆயின் ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து படிகளே உண்டு. ஒருவன் ஒரு வகைக் கப்பலை ஓட்டுவதில் ஐந்தாம் படியை அடைந்துவிட்டால், அந்த ஒன்றில் அவன் பழையோர்க்கு நிகரே. எல்லாவற்றிலும் நிகராக விழைபவன் என்றும் பின்தங்கியவன். தனக்குரிய ஒன்றைத் தேர்ந்தவன் விரைவில் நிகரானவன். இவ்வமைதி நெடுநாள் நிலைக்கவில்லை. 2016-இல் ஒருவர் தம் திறனைப் பிரித்தெடுத்து விற்கவும் மற்றொருவர் வாங்கவும் வழி திறக்கப்பட்டது. காலத்தால் மட்டுமே கிடைத்து வந்தது பொருளாலும் கிடைப்பதாயிற்று. பின்தங்கும் அச்சம் உள்ள இடத்தில் அவ்வச்சத்துக்கு விலை கூறுவோரும் வந்து சேர்வர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அச்சம் எங்ஙனம் உண்டாகிறது என்பதற்கும் அதே வார்கிராஃப்டில் ஒரு வரலாறு உண்டு. வெளியீட்டுக்கு முன்பிருந்த சோதனைப் பருவத்தில், நெடுநேரம் தொடர்ந்து ஆடுவோருக்குக் கிடைக்கும் பயன் பாதியாகக் குறையுமாறு வைத்திருந்தனர். ஆடுவோர் இதனை வெறுத்தனர். அமைப்பாளர் கணக்கை மாற்றாமல் பெயரை மாற்றினர். சத்திரத்தில் தங்கி ஓய்ந்திருந்தவனுக்கு இருமடங்கு பயன். ஓயாதவனுக்கு இயல்பான பயன் என்றனர். வெறுப்பு நீங்கிற்று, அம்முறை இன்றளவும் உள்ளது. எண் அதே எண்தான். எதனை 'இயல்பு' என்று கொள்கிறோம் என்பதே இழப்பையும் பேற்றையும் தீர்மானிக்கின்றது. ஓயாது ஆடுபவனுடைய வேகத்தை இயல்பெனக் கொண்டால், நாம் உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் பாட்டியோடு பேசும் வேளையும் இழப்புக் கணக்கில் எழுதப்படும். நம் வாழ்வை இயல்பெனக் கொண்டாலோ, அவை இழப்பாகத் தோன்றவே மாட்டா.

அங்ஙனமாயின் பின்தங்குவோனே தன் மனத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கூறி முடித்துவிடலாமா? அது நீதியாகாது. முன்செல்வோனுக்கும் ஒரு கடமை உண்டு. 2004-இல் தொடங்கி 2012-இல் நிறுத்தப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் விளையாட்டில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. மேற்படியில் நிற்பவர் கீழ்ப்படியில் நிற்கும் நண்பரைத் தம் துணைவராக ஏற்றுக்கொண்டால், அந்நண்பரின் ஆற்றல் ஏறத்தாழ அவர் படிக்கே உயர்ந்துவிடும். மேலோர் தாமே இறங்கி, நண்பர் படியில் நின்று ஆடவும் வழி இருந்தது. அதே ஆண்டில் வந்த 'எவர்குவெஸ்ட் 2' என்னும் விளையாட்டிலும் மூத்தவர் தம் படியைத் தாழ்த்திக்கொண்டு இளையவருடன் செல்ல இயன்றது. அதனால் அவருக்கு இழுக்கு எதுவும் நேரவில்லை, கூட்டுறவு மிகுந்தது.

உடன் செல்லல் என்பது இதுவே. இருவர் நடக்கின்றனர்; ஒருவர் கால் விரைவுடையது, மற்றவர் கால் தளர்ந்தது. தளர்ந்தவர் மூச்சிரைக்க ஓட வேண்டும் என்பது ஒரு வழி. விரைந்தவர் நின்று வர வேண்டும் என்பது மற்றொரு வழி. பிந்தியதற்குத்தான் தோழமை என்று பெயர். நாம் ஓடினால் மட்டுமே நம்மோடு இருப்போர் என்பவர், உண்மையில் நம்மோடு இருப்பவர் அல்லர்.

அளவு வகுக்கும் வேலையை அரசுகளும் முயன்று பார்த்தன. சீன அரசு 2021-இல், பதினெட்டு வயது நிரம்பாதவர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என விதித்தது. தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டோரை நள்ளிரவு முதல் காலை ஆறு வரை விலக்கி வைத்தது. பின்னர் அச்சட்டத்தைத் தானே நீக்கிக்கொண்டது. புறத்தே இட்ட வேலி சிறுவரைக் காக்கலாம். வளர்ந்தவனைக் காப்பது அவன் தானே இட்டுக்கொண்ட எல்லையே. பொருளுக்கும் செல்லும் திசைக்கும் ஆசை எழுமுன்பே அளவு வகுத்துக்கொள்ளும் இல்லறத்தார் வழிவந்தோர் நாம். எழுந்த பின் வகுக்கும் அளவு ஆசையின் பக்கமே சாயும் என்பதை அவர் அறிந்திருந்தனர்.

நான்காம் நாள் நாம் அப்பிள்ளையிடம் கூறியது இவ்வளவே: "சொன்ன சொல்லை விடாதே. ஆனால் காக்க முடிந்த சொல்லையே சொல். ஆறு மணிக்கு எழ வேண்டியவன் ஏழு மணி வரை இருப்பேன் என்று எப்படிச் சொன்னாய்?" அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்த் தன் குழுத் தலைவருக்கு எழுதினான். தன் வீட்டில் பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் உண்டென்றும், இந்திய நேரம் ஆறு மணிக்குத் தான் செல்ல வேண்டுமென்றும் தெரிவித்தான்.

குழுவினர் உடனே இசைந்துவிட்டனர் என்று எழுத ஆசைதான், நிகழ்ந்தது அதுவன்று. அவனது முதல்வரிசை இடம் வேறொருவருக்குச் சென்றது. ஆள் குறையும் நாள்களில் முதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அவனை அழைக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; அவர்களுக்கும் அவர்களது மூன்று மணி நேரம் அரியதே. அவர்களுள் இருவர் மட்டும் வாரத்தில் ஒரு நாள், போர் எதுவும் இல்லாத வேளையில், அவனுடன் ஆட வருகின்றனராம். இருபதில் இருவர். அவன் சிறிது வருந்தினான் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எல்லை வகுப்பவன் எதையும் இழக்கமாட்டான் என்று இளைஞர்க்கு நாம் பொய் கூறலாகாது. இழப்பான். ஆனால் எது இழக்கத் தக்கது என்பதைத் தானே தேர்ந்திருப்பான்.

இது இளைஞர்க்கு மட்டும் கூறிய செய்தியன்று. வீடு, வாகனம், பிள்ளையின் மதிப்பெண், திருமணச் செலவு என நாமும் யாரோ பிடித்திருக்கும் ஏணியில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றோம். ஓடுமுன் ஒரு வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக: நாம் நின்றால் துன்புறப் போவது ஒரு மனிதரா, ஓர் எண்ணா? மனிதராயின், அவருக்கு இயன்றதைச் செய்வோம். எண்ணாயின், அது தன் வழியே செல்லட்டும்.

சென்ற மாதம் தொலைபேசியில் பாட்டியாரிடம் நலம் வினவினோம். "இப்பல்லாம் எங்கூடத்தான் உக்காந்து சாப்பிடறான்" என்றார். பிள்ளையிடமும் பேசினோம். எந்தப் படியில் இருக்கிறாய் என்று நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.