கல்லை வெட்டியவர் யார்?

இறந்தாரின் பெயரைக் கல்லிற் பொறிப்பவன் தன் பெயரையும் அதிற் பொறித்தல் தகுமோ? தகாது என்பாரே பலர். கல் இறந்தவர்க்கு உரியது. கூலி பெற்றவன் விலகி நிற்பதே அடக்கம் என்பது அவர்கள் கொள்கை. பிறர் பெயர்களை ஏட்டில் எழுதிப் பிழைக்கும் கிராணித் தொழிலினராகிய நமக்கு இவ்வினாவிற் சிறிது பற்று உண்டு. ஆதலின், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறி ஆண்ட காலத்துக் கல்லறைகளைக் கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம்.

அக்கண்டத்தின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்திற் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டு மன்றங்களில் உருவம் எதனையும் ஒப்பாதவர்கள். எனினும் அவர்தம் இடுகாடுகளிலோ உருவங்கள் மலிந்து கிடக்கின்றன! அடக்கஞ் செய்தல் சமயச் சடங்கன்று, ஊர்க்காரியமே என்று அவர்கள் கருதியமையால் உளிக்கு அங்கே இடங் கிடைத்தது. பழைய கற்களில் இறகு முளைத்த மண்டையோட்டையும், மணற்கடிகாரத்தையும், குறுக்கிட்ட எலும்புகளையும் காணலாம். காலம் கழிகின்றது, நீயும் சாவாய் என்பது பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மண்டையோடு மெல்ல மெல்லக் கன்னம் பூரித்த முகமாயிற்று. இறகு மட்டும் போகவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் முகமும் மறைந்து, ஈமத்தாழியும் அதன்மேற் கவிந்த வில்லோ மரமும் வந்தன. அச்சம் நம்பிக்கையாகி, நம்பிக்கை எஞ்சியோரின் துயரமானதை ஒரே இடுகாட்டில் நடந்தபடியே படிக்கலாம். சமயக் கடுமை தளர்ந்ததன் அடையாளம் இது என்பர் அறிஞர். நாம் மறுக்கவில்லை, ஆயினும் சமயம் தானே உளி பிடிக்கவில்லையே!

உளி பிடித்தோருட் பலர் உழவோ கொத்துவேலையோ செருப்புத் தொழிலோ செய்துகொண்டே ஸ்லேட்டுக் கல்லை வெட்டியவர்கள். சார்ல்ஸ்டவுன் ஊர் லாம்சன் குடும்பத்தார் சில கற்களில் இரண்டு எழுத்தை மட்டும் இட்டனர். பெரும்பாலான கற்களில் அதுவும் இல்லை. ஹாரியட் ஃபோர்ப்ஸ் என்னும் அம்மையார் இறந்தோரின் சொத்துக் கணக்குகளைப் புரட்டி, கல்லறைக் கல்லுக்கென யாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேடித் தேடிப் பல தச்சர்களை இனங்கண்டு 1927-இல் நூலாக்கினார். கணக்கெழுதியவனும் ஒருநாள் பயன்படுவான் போலும்!

இனி ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகருக்கு வருவோம். ஆப்பிரிக்கரை விற்கும் வாணிபத்திற் கொழுத்த துறைமுகம் அது. அங்கே 1705-இல் ஜான் ஸ்டீவன்ஸ் தொடங்கிய கல்தச்சுப் பட்டறையில் பின்னாளில் அடிமையாய் உழைத்தவர் பாம்ப்பி ஸ்டீவன்ஸ். ஆப்பிரிக்கர்க்கென ஒதுக்கிய இடுகாட்டுப் பகுதியில் அவர் வெட்டிய கல் ஒன்று உண்டு. 1768 டிசம்பர் 27-இல் 40 வயதில் மாண்ட கஃபி கிப்ஸின் கல் அது. இதனை வெட்டியவர் பாம்ப்பி ஸ்டீவன்ஸ், இறந்தவர் அவருடைய சகோதரர் என்று கல்லே கூறுகின்றது.

சகோதரர்க்கு இரு வேறு குடும்பப் பெயர் ஏன்? அடிமைக்கு ஆண்டையின் குடும்பப் பெயரே பெயராயிற்று. கஃபி என்பது மட்டும் மேற்கு ஆப்பிரிக்க அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகவுக்கு இடும் பெயரின் திரிபு. உடைமைப் பட்டியலில் இவ்விருவரும் இரு வேறு வீட்டுப் பொருள்கள்; ஒரு வீட்டு மேசையும் மறுவீட்டு நாற்காலியும் உறவாவதுண்டோ? கல்லோ அவர்களைச் சகோதரர் என்கின்றது. சகோதரன் என்பது ஒருவனை மட்டும் கொண்டு பொருள்படும் சொல்லன்று. அதனைச் சொல்ல வேண்டுமாயின் வெட்டியவர் பெயரும் கல்லில் இருந்தே தீரவேண்டும்.

பெயரைத் துறத்தல் பெருமைதான். துறப்பதற்குப் பெயர் தன்னுடையதாக இருக்கவேண்டுமே! தன் கையே பிறனுக்கு உரியது என்று சட்டம் சொன்ன ஒருவரிடம் சென்று அடக்கம் போதிக்க நமக்கு நா எழவில்லை.

ஆண்டையின் இசைவின்றி இது நடந்திருக்குமோ, ஆகவே இது அவர் அருளுக்குச் சான்றன்றோ எனச் சிலர் வாதிக்கக்கூடும். இசைவு யாருடையதாயினும் ஆகுக, துயரம் யாருடையது? கஃபி மாண்டு 15 ஆண்டு கழிந்தே, 1784-இல், அடிமைத் தாய்க்குப் பிறக்கும் மகவு அடிமையன்று என ரோட் ஐலண்ட் சட்டம் செய்தது. அதுவும் அவ்வாண்டு மார்ச்சு முதல் பிறப்போர்க்கே. முன்னர்ப் பிறந்தோர் பழைய ஏட்டிற் பழையபடியே இருந்தனர்.