பெருங்காயம் இருந்த பாண்டம்

ஒரு பொருளின் உண்மை எதில் இருக்கிறது என்று விசாரிக்கப் புகுந்த இந்தியத் தத்துவ மரபுகள் பலவும் உதாரணமாக எடுத்துக்கொண்டது மண்குடத்தையே. குடம் வனையப்படும் முன்பே அது மண்ணுக்குள் நுண்ணிலையில் இருந்தது என்று சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கூறினர். காரணத்துக்குள் காரியம் முன்பே உண்டு என்னும் இக்கொள்கைக்குச் சற்காரியவாதம் என்று பெயர். முன்பு இல்லாத ஒன்றே புதிதாகத் தோன்றுகிறது என்று நியாய வைசேடிகர் அதை மறுத்தனர். அத்வைதிகளோ குடத்தை விட்டு அதன் உள்வெளியை நோக்கினர். குடத்துக்குள் அடைபட்டதுபோல் தோன்றும் கடாகாசமும் புறத்தே பரந்துள்ள மகாகாசமும் ஒன்றே என்று காட்டி, உடலுக்குள் அடைபட்டதாகத் தோன்றும் ஆன்மாவின் நிலையை விளக்கினர். கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகை தன் மூன்றாம் பிரகரணத்தில் இந்த உவமையை விரிவாகவே கையாளுகிறது. மண்ணையும் வெளியையும் இவ்வளவு நுணுகி ஆராய்ந்த வாதங்களில், அந்தக் குடத்தில் எதை வைப்பது, வைத்தது தீர்ந்தபின் அதை என்ன செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணமாகவும், தண்டசக்கரத்தைத் துணைக்காரணமாகவும், குயவனை நிமித்த காரணமாகவும் வகுத்துச் சொல்கிறது. குடத்தை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் புழங்குபவர் இந்த மூன்றில் எதிலும் அடங்குவதில்லை.

ஆயினும் பாத்திரத்தின் தன்மையைப் பற்றி நாள்தோறும் தீர்ப்புச் சொல்பவர் அவர்தான். ஹார்லிக்ஸ் தீர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய் ஏறுகிறது. பிஸ்கட் டின்னில் ஊசியும் நூற்கண்டும் பொத்தானும் குடியேறுகின்றன. முகப்பூச்சுக் கிரீம் இருந்த சிறு கண்ணாடிக் குப்பி குங்குமச் சிமிழாகிப் பூஜை அலமாரிக்குப் போகிறது. தைலப் புட்டியில் கற்பூரத்தைப் போட்டு, அது காற்றில் கரைந்துபோகாமல் இருக்க நாலு மிளகையும் சேர்த்து இறுக மூடி வைக்கிறார்கள். இவற்றைச் சிக்கனம் என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுவது பழக்கமாகிவிட்டது. ஆனால், காலியான டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது இன்னதற்கு ஆகும், இன்னதற்கு ஆகாது என்று முடிவுசெய்யும் அந்தச் செயலில், ஒரு பொருளின் கடந்தகாலம் அதனுடைய எதிர்காலத்தை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்னும் பழைய சமயக் கேள்வி முழுவதுமாக அடங்கியிருக்கிறது.

அந்தக் கேள்வியைத் தமிழ்ச் சைவம் ஒரு சமையலறைப் பொருளைக் கொண்டே எழுப்பியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பத்தாம் சூத்திரப் பகுதியில், ஞானம் பெற்ற பிறகும் ஞானிக்கு உடலும் வினையும் ஏன் தொடர்கின்றன என்ற ஐயம் எழுகிறது. பெருங்காயத்தை எடுத்துவிட்ட பின்னும் பாண்டத்தில் அதன் மணம் நிற்பதுபோலவும், குயவன் கையெடுத்த பின்னும் சக்கரம் சிறிது நேரம் சுழல்வதுபோலவும், உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் நீங்கிய பின்னும் அதன் வாசனை உடல் உள்ளவரை தாக்கும் என்பது நூல் தரும் விடை. வாசனை என்பது இங்கே மூக்கு அறியும் மணம் மட்டுமன்று. ஒன்று இருந்து நீங்கியபின் அது விட்டுச்சென்ற பதிவு என்பதே சாத்திர வழக்கு. வாழ்ந்து கெட்டவரைப் ‘பெருங்காயம் இருந்த பாண்டம்’ என்று ஊர் சொல்வதிலும் இதே உவமைதான் வாழ்கிறது. வீட்டுப் பெண்கள் இந்த வாசனையோடு மல்லுக்கு நிற்பதில்லை. பெருங்காய டப்பாவில் அவர்கள் காப்பிப்பொடியையோ கற்கண்டையோ போடுவதில்லை, ரசப்பொடியைப் போடுகிறார்கள். எஞ்சிய மணம் எந்த இடத்தில் குற்றமோ அந்த இடத்தை விலக்கி, எந்த இடத்தில் குணமோ அந்த இடத்தில் டப்பாவைச் சேர்ப்பது, முற்றிலும் கழுவித் துடைத்துப் புதிதாக்கிவிட முடியும் என்ற நம்பிக்கையைவிடவும், கெட்டது கெட்டதுதான் என்ற கைவிடலைவிடவும் உயர்ந்த அறிவு என்றே கருதத் தோன்றுகிறது.

எல்லாப் பாண்டமும் இப்படி மீளும் என்று சமயங்கள் சொல்லவில்லை என்பதையும் மறைக்கலாகாது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் திரவிய சுத்தி, அதாவது பொருள்களைத் தூய்மையாக்கும் முறை, பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது: செம்பும் பித்தளையும் வெண்கலமும் சாம்பலாலும் புளிப்பாலும் நீராலும் தூய்மையாகும், மண்பாண்டத்தை மறுபடி சூளையில் சுட வேண்டும், மது, மலமூத்திரம் போன்றவை பட்ட மண்பாண்டமோ சுட்டாலும் தூய்மையாகாது. எபிரேய வேதத்தின் லேவியர் நூலும் தீட்டுப்பட்ட மண்கலத்தை உடைக்கவே சொல்கிறது. தொடர்பில்லாத இரு மரபுகள் ஒரே முடிவுக்கு வந்ததற்கு மண்ணின் இயல்பே காரணமாகலாம். மெருகு பூசாத சுடுமண்ணில் நுண்துளைகள் இருப்பதால் எண்ணெயும் நீரும் உள்ளே இறங்கிவிடுகின்றன, தேய்த்துக் கழுவும் கை அங்கே எட்டுவதில்லை. பூச்சிக்கொல்லி இருந்த டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைத்துவிட வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் இந்தியப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்வதும் இதே தர்க்கம்தான். வயலுக்கு மருந்தடித்த டப்பாவைக் கழுவி அதில் குடிநீர் மொண்டு வைப்பது சிக்கனமன்று, கொலைக்கு ஒப்பான கவனக்குறைவு. அந்த வாசனை மூக்குக்குத் தெரியாமலும் இருக்கக்கூடும்.

பாண்டத்தைப் பற்றிய இந்த நியாயத்தை மனிதர்மேல் ஏற்றியபோதுதான் பெருங்கேடு விளைந்தது. மண்ணில் தீட்டு ஊறும் என்ற அனுபவத்திலிருந்து, ஒருவரின் உதடு பட்டால் குவளையில் தீட்டு ஊறும் என்ற பொய்க்குத் தாவியதன் விளைவாகத் தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை வேரூன்றியது. அங்கே தலித் மக்களுக்குத் தனிக் குவளையிலும், பல ஊர்களில் கொட்டாங்குச்சியிலும் தேநீர் ஊற்றப்பட்டது. தேங்காய் துருவியபின் எஞ்சும் கொட்டாங்குச்சி வீட்டில் அகப்பையாகும்போது அது ஒரு பொருளுக்குக் கிடைத்த நல்ல மறுபயன். அதே கொட்டாங்குச்சி ஒரு மனிதரை வெளியே நிறுத்துவதற்காக நீட்டப்படும்போது, தூக்கியெறியவேண்டிய பாத்திரத்துக்கு நிகராக அந்த மனிதர் மதிப்பிடப்படுகிறார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு 1950 முதல் நடைமுறையில் இருந்தும் அந்தக் குவளைகள் பல ஊர்களில் பல பத்தாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாத்திரத்தின் தூய்மையைப் பற்றி எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

பொருளை இறுதிவரை பயன்படுத்துவதை ஓர் அறநெறியாகவே வகுத்தது பௌத்தம். பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தின்படி, ஐந்து ஒட்டுக்குக் குறைவான திருவோட்டை வைத்திருக்கும் பிக்கு புதிய ஓடு கேட்டுப் பெறுவது குற்றம். அதே விநயத்தின் சுள்ளவக்கம் என்னும் பகுதியில் வரும் ஓர் உரையாடல் இன்னும் நுட்பமானது. கோசாம்பி மன்னன் உதயணனின் தேவியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கிவிட, ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு என்று மன்னன் சினத்தோடு கேட்கிறான். ஆடை கந்தலான பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்கிறார் ஆனந்தர். அந்தக் கந்தலை என்ன செய்வீர் என்று மன்னன் தொடர, விரிப்பாக்குவோம், பழைய விரிப்பை மெத்தை உறையாக்குவோம், பழைய உறையைத் தரைவிரிப்பாக்குவோம், அதைக் கால்மிதியாக்குவோம், கால்மிதியைத் தூசி துடைக்கும் துணியாக்குவோம், அதுவும் நைந்தபின் கொத்திச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று விடை வந்துகொண்டே இருக்கிறது. இங்கே விசாரிக்கப்படுவது துணியின் தரமன்று, வாங்கியவரின் தகுதி. பெற்றதற்கு இறுதிவரை கணக்குச் சொல்ல முடிந்தவரே பெறத் தக்கவர் என்பதை மன்னன் ஏற்கிறான்.

அந்தக் கணக்கு இக்காலத்தில் தவறுவது எங்கே என்பதும் தெளிவு. முன்பு ஒரு வீட்டுக்கு எப்போதோ ஒரு முறை வந்த டின் இப்போது உணவகப் பார்சலோடு வாரந்தோறும் பிளாஸ்டிக் டப்பாவாக வருகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்தது. ஆனால் மூடியோடு கூடிய தடித்த டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் கழுவிப் பரணில் அடுக்கிவைப்பதை மறுபயன் என்று எண்ணிக்கொள்வது எளிது. பயனைக் குறிக்காமல் வைத்துக்கொள்வது சேர்த்துவைத்தலே. சமணம் அபரிக்கிரகம் என்ற பெயரில் தேவைக்கு மேல் பற்றிக்கொள்ளாமையை ஐந்து விரதங்களுள் ஒன்றாக வைத்தபோது, பொன்னையும் நிலத்தையும் மட்டும் விலக்கச் சொல்லவில்லை. நாற்பது டப்பாக்களை வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் வேலை கொடுக்காத பரண் ஆனந்தரிடம் மன்னன் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாது.

வேலை கொடுப்பது என்பது எத்தனை பெரிய செயலாக ஆகக்கூடும் என்பதை நேர்ச்சை உண்டியலில் காணலாம். பால்மாவு டின்னின் மூடியில் காசு நுழையும் அளவுக்குப் பிளவு வெட்டி, மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்து, பழனிக்கோ திருப்பதிக்கோ சமயபுரத்துக்கோ நேர்ந்துகொண்டு முதல் காசைப் போட்ட பிறகு, மாதக் கடைசியில் பால்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டாலும் அந்த டின்னில் கைவைப்பதில்லை. எந்தக் குருக்களும் வரவில்லை, எந்த மந்திரமும் ஓதப்படவில்லை. ஓர் எண்ணமும் ஒரு வெட்டும் சேர்ந்து தகரத்தைத் தெய்வத்தின் சொத்தாக்கிவிட்டன. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பரப்பிய பிடியரிசித் திட்டத்திலும், தென்மாவட்டக் கிறித்தவக் குடும்பங்களின் பிடியரிசிக் காணிக்கையிலும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி விழுந்த டப்பாவுக்கு இதே காப்பு இருந்தது.

யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் பாத்திரங்களுக்கென்றே கேலிம் என்ற பகுதி முப்பது அத்தியாயங்களில் அமைந்துள்ளது. ஒரு பொருள் தீட்டுப்படத் தக்க கலமாக மாறுவதற்கு அதை உடையவரின் எண்ணமே போதும், ஆனால் அந்த நிலையிலிருந்து அது விடுபட வேண்டுமானால் எண்ணம் போதாது, அதை மாற்றும் செயலும் வேண்டும் என்று அங்கே ஒரு விதி உண்டு. வரலட்சுமி நோன்பின் கலசம் இந்த விதிக்கு இசைவாகவே நடந்துகொள்கிறது: அடுக்களைச் செம்பில் அரிசியும் காசும் இட்டு, மாவிலையும் தேங்காயும் வைத்துத் தேவியை எழுந்தருளச் செய்து பூசித்தபின், கலசத்தைச் சற்று வடக்கே நகர்த்தி அவளை வழியனுப்புவது என்ற ஒரு செயல் இருக்கிறது. அது முடிந்ததும் அரிசியும் தேங்காயும் பாயசமாகின்றன, செம்பு மறுபடி தண்ணீர்ச் செம்பாகிறது. உண்டியல் டின்னுக்கு அப்படி வழியனுப்பும் சடங்கு வழக்கில் இல்லை. கோயிலில் கொட்டிவிட்டுத் திரும்பிய டின்னை மறுபடி பருப்பு டின்னாக்க வேண்டுமானால், பிளவு வெட்டிய மூடியை மாற்றியாக வேண்டும், இல்லையேல் எறும்பும் வண்டும் புகும். பல வீடுகளில் மூடியை மாற்றுவதில்லை, அடுத்த நேர்ச்சைக்கென்று அந்த டின்னை அலமாரியின் மேல்தட்டில் எடுத்துவைத்துவிடுகிறார்கள்.