தலைமாட்டில் ஒரு துப்பாக்கி

"எங்கள் இருவருக்கும் பொருத்தமாக ஒரு கைத்துப்பாக்கி வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ள!"

அமெரிக்க நாட்டில், ஊர் தோறும் உள்ள துப்பாக்கிக் கடைகளில், கணவனும் மனைவியும் அருகருகே நின்று கேட்கும் கேள்வி இது. அவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். கொலைவெறி கொண்டோரும் அல்லர். புதுமனை புகுந்தவர்கள், பக்கத்துத் தெருவிலே திருட்டு நடந்ததாகக் கேள்விப்பட்டவர்கள், இரவில் கதவு அசைந்தால் எழுந்து உட்காருகிறவர்கள். எளிய மக்கள்!

கடைக்காரர் விளக்குகிறார். ரிவால்வர் எளிமையானது, உருளையில் ஐந்தாறு குண்டு, பழகுவது சுலபம், ஆனால் விசை சற்றுக் கடினம். பிஸ்டலில் குண்டுகள் மிகுதி. ஆனால் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்கக் கையிலே வலிமை வேண்டும், பயிற்சி வேண்டும். சிறியது கைப்பைக்குள் அடங்கும். சுடும்போது கையை உதைக்கும். கனமானது உதையைத் தாங்கும், தூக்குவது தொல்லை. "இருவர் கைக்கும் பொருந்துகிறதா, பிடித்துப் பாருங்கள்" என்கிறார். நல்ல யோசனைதான். செருப்பு வாங்குவோன் காலை அளக்கிறான். துப்பாக்கி வாங்குவோன் கையை அளக்கிறான்.

ஆனால், தோழர்களே! மனத்தை அளக்க எந்தக் கடையிலே கருவி இருக்கிறது? நள்ளிரவில், அரைத்தூக்கத்தில், அச்சம் நெஞ்சை அடைக்கும் வேளையில், அந்தக் கையை இயக்கப்போவது கையன்று, மனம்! எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு முன்னே, எதற்குத் துப்பாக்கி, யாருக்கு எதிராக என்ற கேள்வி எழவேண்டாமா?

உரிமை இருக்கிறது என்பர். இருக்கிறது! அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ல் வந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை, 2008-ல் ஹெல்லர் வழக்கிலே உச்சநீதிமன்றம் உடைத்தது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். வீட்டிலே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதன் உரிமை என்று ஐவர் தீர்ப்புரைத்தனர். சரி! ஆனால், செய்யும் உரிமை உண்டு என்பது வேறு. செய்வது அறிவுடைமை என்பது வேறு. முன்னதை நீதிமன்றம் சொல்லும்; பின்னதை அவரவர் பகுத்தறிவுதான் சொல்லவேண்டும்.

அந்த இணையரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. கொலராடோ மாநிலத்திலே 1999-ல் நடந்ததைக் கேளுங்கள். பிரிந்து வாழ்ந்த கணவன் நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற ஆணை பெற்றிருந்தாள் ஒரு தாய். அவனோ, அவளுடைய மூன்று பெண் குழந்தைகளையும் கொண்டு சென்றுவிட்டான். தாய் காவல் நிலையத்தை மீண்டும் மீண்டும் அழைத்தாள். நேரிலும் சென்று கதறினாள். பயன் இல்லை. விடியுமுன் மூன்று குழந்தைகளும் பிணங்கள்! வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. அந்த ஆணையைக் காவலர் நிறைவேற்றியே தீரவேண்டும் என்று கேட்க அரசியல் சட்டம் அவளுக்கு உரிமை தரவில்லை என்று 2005-ல் தீர்ப்பு வந்தது. இதைப் படித்த பெண்ணொருத்தி, "காவலர் வரமாட்டார், என்னை நானே காத்துக்கொள்வேன்" என்று சொன்னால், அவளைக் கோழை என்போமா?

கறுப்பின மக்களின் கதையோ இன்னும் கொடிது. கும்பல் கூடி மரத்திலே தூக்கிடும் காலத்தில், சட்டமும் காவலும் கும்பலின் பக்கமே நின்றன. ஆகவேதான் ஐடா வெல்ஸ் என்ற கறுப்பின வீராங்கனை, 1892-ல், ஒவ்வொரு கறுப்பர் இல்லத்திலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மதிப்புமிக்க இடம் தரப்படவேண்டும் என்று எழுதினார். அரசு காக்க மறுத்த இடத்திலே எழுந்த குரல் அது. அதன் நியாயத்தை மறுக்க நமக்கு நா எழாது.

எனினும், கொலராடோக் கொடுமையின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்தக் கணவன் கடைசியிலே காவல் நிலையத்தின் மீதே சுட்டான். திருப்பிச் சுடப்பட்டு மாண்டான். அவன் கையிலிருந்த கைத்துப்பாக்கி, அன்று மாலைதான் வாங்கியது! தாய்க்குக் காவல் தரும் என்று சொல்லப்படும் அதே பண்டம், தந்தையின் கையிலே கூற்றுவன் ஆயிற்று. கருவிக்குக் கண் இல்லை. அது எவர் கைக்கும் அடிமை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் நாட்டுப் பழமொழி. பேயை ஓட்ட வேப்பிலை எடுப்பவனைக் கண்டு நாம் நகைக்கிறோம். பேயைச் சுடத் துப்பாக்கி எடுத்தால்?

1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகர். ஜப்பானிலிருந்து படிக்க வந்த பதினாறு வயது மாணவன், விருந்தொன்றுக்கு வேடமணிந்து புறப்பட்டான். உடன் ஓர் அமெரிக்கத் தோழன். விருந்து நடக்கும் வீட்டைத் தேடியவர்கள், அதே தெருவில் வேறொரு வீட்டின் மணியை அழுத்திவிட்டனர். கதவைத் திறந்த பெண், முன்பின் அறியாத முகங்களைக் கண்டாள், திகைத்தாள், கதவைச் சாத்தினாள், துப்பாக்கியை எடுக்கும்படி கணவனிடம் கூவினாள். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எடுத்தான், வந்தான், "அசையாதே!" என்று அதட்டினான். அந்நிய மொழி முழுதும் பழகாத சிறுவன், விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே முன்னே நடந்தான். ஒரே குண்டு! மார்பிலே பாய்ந்தது.

கணவன் குற்றவாளி அல்லன் என்று 1993-ல் நடுவர் குழு விடுவித்தது. இழப்பீடு தரவேண்டும் என்று 1994-ல் உரிமையியல் நீதிமன்றம் சொல்லிற்று. தீர்ப்பு எதுவாயினும் ஆகட்டும். அந்த இல்லத்தார் தீயோர் அல்லர். கணவன், மனைவியைக் காக்கவே ஓடிவந்தான். ஆயினும், காக்கப்பட்டது யாது? வராத திருடனிடமிருந்து தப்பினர். வந்த விருந்தாளியைக் கொன்றனர்! துப்பாக்கி இல்லாதிருந்தால் அன்றிரவு என்ன நடந்திருக்கும்? கதவு சாத்தியே இருந்திருக்கும்; சிறுவர் இருவரும் வழி தவறியதை உணர்ந்து திரும்பியிருப்பர். அவ்வளவே! அச்சத்திற்கு ஆயுதம் கிடைக்காதபோது அது சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஆயுதம் கிடைத்தபோதோ செயலாகிவிடுகிறது.

ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பர். கேட்கவேண்டியதே! கணக்கைப் பார்ப்போம். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த கிங் கவுண்டியில், வீட்டிலே வைத்த துப்பாக்கியால் அந்த வீட்டிலேயே நேர்ந்த 398 சாவுகளை, ஆறாண்டுக் காலத்திற்கு ஆராய்ந்து, கெல்லர்மன், ரே என்ற இரு மருத்துவர்கள் 1986-ல் வெளியிட்டனர். தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 333 பேர். கொலையுண்டோர் 41. கைதவறி நேர்ந்தவை 12. தற்காப்புக்காகச் சுடப்பட்டு இறந்தோர் ஒன்பதே பேர். அவருள்ளும் வீடு புக முயன்றபோது சுடப்பட்டோர் இருவரே!

இந்தக் கணக்குக்கு மறுப்பும் உண்டு. "பிணங்களை மட்டும் எண்ணினால் போதுமா? துப்பாக்கியைக் கண்டே ஓடிய திருடனை எண்ணவேண்டாமா?" என்பர். நியாயமான மறுப்பு. துப்பாக்கி உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும் ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? அதையும் செய்தனர். கலிபோர்னியாவிலே 2004 முதல் 2016 வரை, 1 கோடியே 70 லட்சத்திற்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டனர். தாம் வைத்திராவிட்டாலும், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுறும் விகிதம், மற்றவரைப்போல இருமடங்குக்கு மேல் இருந்தது. வீட்டுக்குள்ளே வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு! அப்படி மாண்டோரில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். இவ்வகை ஒப்பீட்டிலே காரணம் முழுவதும் துப்பாக்கியே என்று அடித்துச் சொல்லமுடியாது. சச்சரவு மிகுந்த வீடுகளே துப்பாக்கியை நாடியிருக்கவும் கூடும். ஆயினும், அது வீட்டாரைக் காத்தது என்பதற்கு இக்கணக்கிலே சுவடே இல்லையே! வேலியே பயிரை மேய்ந்த கதை அன்றோ இது?

கணவன் நல்லவன் என்கிறாள் மனைவி. நல்லவனே. ஆனால், நல்லவனுக்கும் ஆத்திரம் வரும், வேலை போகும், கடன் நெரிக்கும், ஒருநாள் வாழ்வே வெறுத்துப்போகும். அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டிலே துப்பாக்கிக்கு இரையானோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டோர். பாதிக்கு மேல்! மனம் உடைந்த வேளை நிலையானதன்று; அந்த வேளையைக் கடந்து பிழைத்தோரில் பெரும்பாலோர் பின்னர் வாழவே விரும்புகின்றனர். துப்பாக்கியோ, மறுசிந்தனைக்கு இடம் தராத கருவி. வாசலைப் பார்த்து வாங்கிய ஆயுதம், வாங்கியவன் நெஞ்சையே நோக்கித் திரும்புகிறது.

"பூட்டி வைப்போம்" என்பர். இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது! குண்டு வேறு, துப்பாக்கி வேறாகப் பிரித்துப் பெட்டியிலே பூட்டினால், குழந்தை கையில் சிக்காது. ஆத்திரக்காரனுக்கும் ஆற அவகாசம் கிடைக்கும். ஆனால், திருடன் அந்த அவகாசம் தருவானா? குண்டேற்றித் தலைமாட்டிலே வைத்தால் திருடனுக்குத் தயார், குழந்தைக்கும் தயார், ஆத்திரத்துக்கும் தயார்! காவலும் ஆபத்தும் இரண்டு பண்டங்கள் அல்ல. ஒரே பண்டத்தின் இரு பெயர்கள். எந்த நிறுவனத்தின் எந்த வகையை வாங்கினாலும் இந்த முடிச்சு அவிழாது.

அச்சம் பொய்யாக அல்லாமல் மெய்யாகவே வாசலில் நின்ற ஓர் இல்லத்தையும் காண்போம். 1956 ஜனவரி 30. மாண்ட்கோமரி நகரிலே, பேருந்துப் புறக்கணிப்பை நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டு முகப்பில் வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவி கோரெட்டாவும் கைக்குழந்தையும்! துப்பாக்கி ஏந்திச் செல்ல உரிமம் கேட்டார் கிங், மறுத்தனர் அதிகாரிகள். வீட்டிலோ துப்பாக்கி இருந்தது. தோழர்களும் ஆயுதத்தோடு காவல் நின்றனர். பின்னர், கணவனும் மனைவியும் அமர்ந்து பேசினர். கலந்து முடிவெடுத்தனர். இருந்த ஆயுதத்தையும் அகற்றினர். வீட்டைச் சுற்றி ஒளிவிளக்குகள் பொருத்தினர். ஆயுதம் ஏந்தாத காவலரை இரவும் பகலும் அமர்த்தினர். துப்பாக்கி வீட்டில் இருந்தபோதுதான் தாம் அதிகம் அஞ்சியதாகக் கிங் பின்னர் கூறினார்.

"கடைசியில் அவரையும் சுட்டார்களே!" என்று கேட்கலாம். ஆம், 1968 ஏப்ரல் 4-ல் மெம்பிஸ் நகரிலே சுட்டனர், தொலைவிலிருந்து, நீள்துப்பாக்கியால். தலைமாட்டுக் கைத்துப்பாக்கி அதைத் தடுத்திருக்குமா? தடுத்திராது. ஆயுதத்தைத் துறந்ததால் சாவு வரவில்லை. வைத்திருந்தால் சாவு விலகியிருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால், இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள், அந்த வீட்டிலே குழந்தைகள் அச்சத்தின் கருவியோடு ஒரே கூரையின்கீழ் வளரவில்லை. அது சிறிய ஆதாயமா?

ஆகவே, கடை வாசலில் நிற்கும் இணையருக்கு நாம் சொல்லக்கூடியது இது: முதலில் வீடு திரும்புங்கள். கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள். வாசலில் விளக்கு எரிகிறதா பாருங்கள். அண்டை வீட்டார் பெயர் தெரியுமா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, ஒருவரையொருவர் நோக்கி மூன்று கேள்வி கேளுங்கள். இருளில் நிற்பது யார் என்று அறியாமல் சுடமாட்டேன் என்று உறுதி சொல்ல முடியுமா? நமக்குள் சினம் மூண்ட இரவிலும் இது இந்த வீட்டில் இருக்கலாமா? நம்மில் ஒருவர் மனம் தளர்ந்தால், மற்றவர் இதை வெளியே கொண்டுபோக, தடை சொல்லாதிருப்போமா?

மூன்றுக்கும் இருவரும் மனமாரத் தலையசைத்து, மெய்யான மிரட்டலும் வாசலில் நின்றால், வாங்குவோரைப் பழிக்க நாம் யார்? வாங்கட்டும், இருவரும் பயிலட்டும், பூட்டி வைக்கட்டும். ஒரு கேள்விக்கேனும் தயக்கம் எழுந்தால், அந்தத் தயக்கமே விடை!

திருடன் வரும் இரவு ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால், கணவனும் மனைவியும் குழந்தையும் அந்த வீட்டில் உறங்கும் இரவுகள் ஆயிரமாயிரம். எந்த இரவுக்காக வாழ்வை அமைப்பது? அச்சத்தைக் கேட்டால் அந்த ஓர் இரவைக் காட்டும். அறிவைக் கேளுங்கள்; ஆயிரம் இரவுகளையும் எண்ணிச் சொல்லும்!