கூலி யார் கைக்குப் போனது?

கிழக்கு ஜெர்மனியில் ஸ்டோல்பெர்க் என்ற சிற்றூருக்கு மேலே, குன்றின்மீது ஹோஹனெக் கோட்டை இருக்கிறது. 1950 முதல் கம்யூனிஸ்ட் அரசு அதைப் பெண்கள் சிறையாக வைத்திருந்தது. நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டவர்களையும் எல்லையைத் தாண்டப் பார்த்துப் பிடிபட்டவர்களையும் அங்கே கொலைக் கைதிகளோடு சேர்த்து அடைத்தார்கள். இரவு பகலாக ஷிப்டு வேலை. படுக்கை விரிப்பும் காலுறையும் தைக்க வேண்டும். சொன்ன கணக்கு வரவில்லையென்றால் வீட்டிலிருந்து வரும் பார்சலும் நின்றுபோகும். தைத்த துணியில் ஒரு பகுதி மேற்கு ஜெர்மனிக்கு விற்பனைக்குப் போனது. எந்த நாட்டுக்குப் போக ஆசைப்பட்டதற்காகச் சிறைக்கு வந்தார்களோ, அந்த நாட்டின் கட்டில்களுக்கு அவர்கள் தைத்த விரிப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. அந்தக் காலத்துச் சிறைகளில் இருந்தவர்கள் ஓயாமல் பேசியதால்தான் கைதிகளின் உழைப்பு மேற்கத்திய நிறுவனங்களுக்குப் போன விஷயம் வெளியே வந்தது. அறைகலன் விற்கும் இக்கியா நிறுவனம் எர்ன்ஸ்ட் அண்ட் யங் தணிக்கையாளர்களை அமர்த்த, அவர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி, ஏறத்தாழ 90 பேரிடம் பேசினார்கள். தனக்குப் பொருள் செய்து கொடுத்த இடங்களில் அரசியல் கைதிகளை வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று 2012இல் இக்கியா ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு 60 லட்சம் யூரோ தருவதாக அதன் ஜெர்மன் கிளை அறிவித்தபோது 2024 ஆகிவிட்டது. சுவர் விழுந்தபோது முப்பது வயதில் இருந்தவருக்கு அறுபத்தைந்து. தாமதம்தான். ஆனாலும் தப்பு என்று சொன்னார்கள், பணமும் எடுத்து வைத்தார்கள்.

கோலசிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளைக்கு ஹோஹனெக் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பாட்டியின் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. 1942-43இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது மலாயாவிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சம்பளமும் சோறும் உண்டென்ற பேச்சை நம்பிப் போனவர்களும் உண்டு, லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. லயத்தில் எஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். ரப்பருக்கு விலையில்லை, அரிசியில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கை உடுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை என்று பாட்டி சொல்வார். சாவுச் செய்தி வராத வீட்டில் எந்த நாளில் அழிப்பது?

போர்க்கால அநியாயங்களுக்காக 1967இல் ஜப்பான் மலேசியாவுடன் ஒப்பந்தம் போட்டது. 2.5 கோடி வெள்ளி, அதுவும் பொருளாக. அதில் வந்தவை இரண்டு சரக்குக் கப்பல்கள். நாட்டுக்குக் கப்பல் தேவையாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பாட்டியின் அண்ணிக்கு ஒரு காசும் இல்லை. இரு அரசுகளும் தங்களுக்குள் வழக்கை முடித்துக்கொண்டன.

என் அம்மா செம்பனையில் மருந்தடித்தவர். விடியுமுன் பெரட்டு, பிறகு முதுகில் மருந்து டாங்கி. அதை ஹோஹனெக்கோடு ஒன்றாக வைக்க எனக்கு மனமில்லை. அப்படிச் செய்தால் அந்தப் பெண்களின் துன்பத்தை நாம் சிறிதாக்கிவிடுவோம். அம்மாவுக்குப் பூட்டு இல்லை. ஆனால் வேலையை விட்டால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும், வீட்டை விட்டால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அவர் போகவில்லை. அவர் அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 2002இல் அரசு அதைத் தடை செய்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். உலகத்து ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் செய்த நாட்டில், அவர் வெறுங்கையால்தான் மருந்து கலந்தார்.

கையுறை ஆலைகளின் கதையும் இங்கேயே, சிலாங்கூரில்தான் நடந்தது. நேப்பாளத்திலும் வங்காளதேசத்திலும் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள் அந்தக் கடனாலேயே ஆலையில் கட்டுண்டு கிடந்தார்கள். கட்டாய உழைப்பு என்று சொல்லி 2021 மார்ச்சில் அமெரிக்கச் சுங்கத்துறை டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளுக்குக் கதவை மூடியது. ஏஜெண்டுக் கட்டணத்துக்கு ஈடாக ஏறத்தாழ 15 கோடி வெள்ளி தொழிலாளர் கைக்குத் திரும்பிப் போனது. செப்டம்பரில் கதவு திறந்தது. வாங்குபவன் மறுத்தால் விற்பவன் கணக்குப் பார்க்கிறான் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இதோ சாட்சி. கப்பல் செய்யாததை இந்தப் பணம் செய்தது; பட்ட ஆளின் கைக்குப் போனது. ஈடு என்றால் அதுதான் ஈடு, மற்றதெல்லாம் அரசுகளுக்கு இடையே நடக்கும் வியாபாரம்.

பட்டவர் கைக்கு ஈடு போக வேண்டுமென்றால் முதலில் அவர் பெயர் வேண்டும். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் அப்பாவை சயாமுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் எண்பதைத் தாண்டி இன்னும் சிலர் இருப்பார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் போனவரின் பெயர், தோட்டம், போன ஆண்டு ஆகியவற்றை எழுதி வாங்கி, சொன்னவரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.