ஊன்றிய திருவடியும் அருளே

(மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இராது: "கடவுள் அன்பே வடிவானவர் என்கிறீர்கள். அப்படியானால் அவர் ஏன் மறைந்திருக்க வேண்டும்? முன்னால் வந்து நின்றால் எல்லோரும் கும்பிட மாட்டோமா?" இப்படிக் கேட்கிற பிள்ளையை அதட்டாதீர்கள். பெரிய பெரிய தத்துவப் பேராசிரியர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

கனடா நாட்டு அறிஞர் ஜே. எல். ஷெல்லன்பெர்க் 1993இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய வாதம் இதுதான். அன்பு நிறைந்த கடவுள் ஒருவர் இருந்தால், தம்மோடு உறவுகொள்ளும் வழியை அவர் எவருக்கும் எப்போதும் அடைக்க மாட்டார். உறவுகொள்ள வேண்டுமானால், அவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். ஆனால் மனத்தில் பிடிவாதம் ஏதுமின்றி நேர்மையாகத் தேடியும் நம்பிக்கை வாய்க்காத மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே அப்படி ஒரு கடவுள் இல்லை என்று முடிக்கிறார்.

நேர்மையான வாதம் இது. நம் சைவ சித்தாந்தம் இதற்கு என்ன சொல்கிறது?

ஆடல்வல்லானின் திருமேனியைப் பாருங்கள். உடுக்கை படைத்தல், அபயமாய் அமைந்த கை காத்தல், ஏந்திய தீ அழித்தல், தூக்கிய திருவடி அருளல். இன்னும் ஒன்று இருக்கிறது. முயலகன் முதுகின்மேல் ஊன்றிய வலத் திருவடி. அது மறைத்தல். 'உண்மை விளக்கம்' என்னும் சித்தாந்த நூல் தரும் விளக்கம் இது. மறைத்தலை இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்றாகவே வைத்தார்கள் நம் ஆசாரியர்கள். சற்றுக் குனிந்து, ஆணவத்தின் உருவமான முயலகனைப் பாருங்கள். பல செப்புத் திருமேனிகளில் அவன் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் கிடக்கிறான். அந்தத் திருவடி அவனைக் கொல்லவில்லை, அடக்கி வைத்திருக்கிறது.

ஏன் மறைக்க வேண்டும்? ஆணவம் என்னும் மலம், அதாவது அழுக்கு, உயிரோடு அநாதியாகவே இருக்கிறது. இறைவன் அதைப் படைக்கவில்லை. இருட்டு மற்றப் பொருள்களைக் காட்டாவிட்டாலும் தன்னையாவது காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்கிறார் சித்தாந்த ஆசாரியர் உமாபதி சிவம். தன் நோய் இன்னதென்றே தெரியாத உயிருக்கு எடுத்த எடுப்பில் பேரின்பத்தைக் காட்டினால், அதையும் 'நான்', 'எனது' என்று பற்றிக்கொள்ளும்.

முன்பெல்லாம் கண்புரைக்கு வைத்தியரிடம் போனால், "புரை இன்னும் முத்தலை, கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பிவிடுவார். நோயாளிக்கு மங்கல் பார்வை. வைத்தியர் கைவிட்டுவிட்டாரோ என்ற கவலை. வைத்தியரோ நாள் பார்த்துக்கொண்டிருப்பார். மலபரிபாகம் என்று சித்தாந்தம் சொல்வதும் இந்த முதிர்ச்சியைத்தான். மறைத்தல் தொழிலைச் செய்யும் திரோதான சக்தி இறைவனை மறைத்து, உயிரை உலகத்தின் பக்கம் திருப்புகிறது. இன்பமும் துன்பமும் நுகர்ந்து நுகர்ந்து வினை கழிகிறது, மலம் பக்குவப்படுகிறது. மலத்தைத் தொழிற்படுத்துவதால் இந்தச் சக்தியையும் மலம் என்று உபசாரமாகச் சொல்வதுண்டு. உள்ளபடி அது அருளே.

"எதைக் கேட்டாலும் அதுவும் அருள் என்று சொல்லித் தப்பிக்கிறீர்களே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். மறைவைக் காட்டி இறைவன் உண்டு என்று நாம் நிறுவவில்லை. அதற்குச் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் மெய்கண்டார் தனியே வாதம் வைத்திருக்கிறார். 'மறைந்திருக்கிறார், ஆகவே அன்பில்லாதவர்' என்ற முடிவு செல்லாது என்பதே இங்கே நாம் சொல்வது. உறவின் கதவு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறார் ஷெல்லன்பெர்க். ஓர் உயிரின் பயணம் பல பிறவிகளுக்கு நீள்கிறது, ஈசன் அந்த உயிருக்குள் அத்துவிதமாய்ப் பிரிவின்றி நிற்கிறான் என்கிறது சித்தாந்தம். மறைந்தவன் விலகிப் போய்விடவில்லை. "காணோமே" என்று தவிக்கவைப்பதும் உள்ளே நிற்கும் அவனே.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆணவ மறைப்பு எல்லா உயிர்க்கும் பொது. கோயிலுக்கு வராதவருக்கு மட்டும் அது இருப்பதாக நினைப்பதே ஆணவம்தான். 'எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்று உண்மை பேசுகிறவர், நம்பாமலே கும்பிடுகிறவரைவிடப் பக்குவத்துக்கு அருகில் இருக்கலாம். அதை அளக்கும் அதிகாரம் நமக்கில்லை.

ஆகையால் உங்கள் பிள்ளை கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். பசித்தவருக்குச் சோறிடும் இடத்துக்கு அவனையும் அழைத்துப் போங்கள். அன்பில் பழகப் பழக உயிர் பக்குவப்படும். நாளை திருவாதிரை தரிசனத்தில் தூக்கிய திருவடியைக் கும்பிடும்போது, ஊன்றிய திருவடியையும் நன்றியோடு கும்பிடுங்கள். நம்மை இன்னும் விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

திருச்சிற்றம்பலம்.