சத்திரமும் வேண்டும்



ஏழைக்கும் பணக்காரனுக்கும் வெயில் ஒன்றுதானே என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெயில் ஒன்றுதான், ஆனால் எல்லாத் தெருவையும் அது ஒரேவிதமாய்த் தாக்குவதில்லை. அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரம் இதற்குச் சாட்சி.

1995-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. சில நாட்களுக்குள், வழக்கமான சாவுக் கணக்குக்கு மேல் 739 பேர் மாண்டனர். அவர்களில் பலர் தனியே வசித்த முதியோர். அடைத்த அறைக்குள், தண்ணீர் கொடுக்கவும் ஆளின்றி உயிர் விட்டார்கள்.

எரிக் கிளினன்பெர்க் என்னும் சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 2002-ல் ஒரு நூல் வெளியிட்டார். வட லாண்டேல், தென் லாண்டேல் என்று அடுத்தடுத்துள்ள இரண்டு பேட்டைகளை அதில் ஒப்பிட்டார். இரண்டிலும் தரித்திரர் உண்டு. தனித்து வாழும் முதியோரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆயினும் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் வீதம் மாண்டனர்; தெற்கில் 4 பேர் வீதமே.

காரணம் என்ன? வட லாண்டேலில் முன்பிருந்த பெரிய ஆலைகளும் அலுவலகங்களும் போய்விட்டன. வேலை போயிற்று, அதன் பின்னே கடைகள் போயின, கடைகளின் பின்னே ஜனங்களும் போனார்கள். வெறிச்சோடிய தெருவுக்கும் கள்ளருக்கும் பயந்து முதியோர் கதவை அடைத்துக் கொண்டனர். தென் லாண்டேலிலோ கடைவீதி கலகலப்பாயிருந்தது. கிழவர்களும் கிழவிகளும் அச்சமின்றி வெளியே நடந்து, குளிர்ந்த கடைகளில் ஒதுங்கினார்கள். கோவில்களும் அவர்களை விசாரித்துக் கொண்டன.

பார்த்தீர்களா? ஒரு பேட்டையின் பிழைப்புக் கெட்டால் கூலி மட்டும் குறைவதில்லை. "என்ன பாட்டி, இரண்டு நாளாய்க் காணோமே?" என்று கேட்கும் வாயும் குறைந்து போகிறது. அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்க வல்லது.

நல்ல சமாரியனின் உவமையை அறிவீர்கள். அவன் காயங்களைக் கட்டினான்; பின்பு காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்தான். வழியிலே சத்திரம் இல்லாதிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? பிறர்சிநேகத்துக்கு இரக்கமும் வேண்டும், சத்திரமும் வேண்டும். நம் தெருவிலுள்ள மளிகைக் கடை, தையற்கடை, தேநீர்க் கடை எல்லாம் அப்படிப்பட்ட சத்திரங்களே.

ஆகையால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டுச் சாமான்களில் சிலவற்றையாவது தெருமுனைக் கடையில் வாங்குங்கள். இரண்டு ரூபாய் கூடினாலும் முணுமுணுக்க வேண்டாம். உங்கள் வரிசையில் தனியே இருக்கும் ஒருவருடைய கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள். அவர் எந்த வேதத்தார் என்று பார்க்க வேண்டாம், சமாரியன் பார்க்கவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் போவார்கள் என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம்.

கோடை நெருங்குகிறது. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் முதியவர் ஒரு ஞாயிறு வராவிட்டால், அதைப் பக்கத்து வீட்டார் அன்றே அறியவேண்டும். அடக்கப் பதிவேட்டில் பெயர் எழுதும்போதுதான் குருவானவர் அறிந்தார் என்ற நிலை நம் பங்கில் வரவேண்டாம்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களையும் உங்கள் தெருவையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு